ஐந்து ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

மார்ச் 3

வீட்டு மகாராணிக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சாமான் லாரி கிளம்பப் போகிறது. டிரைவர் கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருக்கிறார். இந்த மலையில் போனை எந்தப் பக்கம் தூக்கிப் பிடித்தாலும் சிக்னல் வராது என்பது உனக்குத்தான் தெரியுமே.

நம் ஹாலில் ஹோம் தியேட்டர் வைக்கப் போகிறோம். "போறோமா?" என்று இழுக்காதே, முடிவாகிவிட்டது. முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, மூலையில் தடதடவென்று அடிக்கும் ஊஃபர் பெட்டி ஒன்று. எல்லாவற்றுக்கும் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு ரிசீவர். இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு என்று நீ நினைப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் முகாமின் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் மேடம்தான் கண்ணைத் திறந்துவிட்டார். ரிசீவர் பழசாக வாங்கினால் போதுமாம். மிச்சம் பிடிக்கிற காசை முன்பக்க ஸ்பீக்கரில் போட வேண்டுமாம். காது ஏமாறுவதெல்லாம் முன்னால்தானாம். ஒரு நாள் தன்னுடைய ஹெட்போனையே கழற்றிக் கொடுத்து, "கேட்டுப் பாருங்க சார், அப்புறம் பேசுங்க" என்றார். கேட்டேன். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

படம் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஹால் பதினோரு அடி அகலம். டிவிக்கு இரண்டு பக்கமும் முன் ஸ்பீக்கர்கள், நடுவில் ஆறடி இடைவெளி. என் சாய்வு நாற்காலி சரியாக மையத்தில், இரண்டு ஸ்பீக்கருக்கும் எட்டடி. இந்த ஏற்பாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் ஐந்து பக்கச் சத்தமும் ஒன்றாகக் கூடும். அந்த இடம் என் நாற்காலி. மில்லிமீட்டர் பிசகக்கூடாது.

வாடகை வீடு, சுவரில் ஓட்டை போட முடியாது. பின்பக்க இடது ஸ்பீக்கரைப் புத்தக அலமாரியில் வை. வலதுக்கு ஸ்டாண்ட் வாங்கிக் காசைக் கரியாக்க வேண்டாம். சமையலறை வாசலில் ஒரு ஸ்டூல் கிடக்கிறதே, அது சரியான உயரம். நன்றாகத் துடைத்துவிட்டு அதன்மேல் வை. ஊஃபருக்கு அடியில் தடியான ரப்பர் பாய் போடு. இல்லாவிட்டால் கீழ் வீட்டில் பாத்திரம் ஆடும், குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து நம்மை ஆட்டுவார். வயரை நீயே டேப் வைத்து அளந்து வாங்கு.

மலையைக் குடைந்து வரும் சுரங்கப்பாதையின் இரு முனைகளும் சந்தித்ததும் எனக்கு லீவு. நான் வரும்போது தியேட்டர் தயாராக இருக்க வேண்டும்.

உன்
சர்வேயர்


மார்ச் 15

வீட்டுக்காரருக்கு,

நான் நலமா என்று கேட்காமல் நீங்களே வைத்துக்கொண்டதால், நலம் என்றே இருக்கட்டும்.

உங்கள் கடிதத்தில் ஸ்பீக்கர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ண எனக்குப் பொறுமை இல்லை. நான் எத்தனை இடத்தில் வருகிறேன் என்று பார்த்தேன். ஸ்டூலைத் துடைக்க ஒரு தடவை, வயரை அளக்க ஒரு தடவை. ஸ்டோர் மேடம் அதைவிட அதிகமாக வருகிறார்.

அவர் காதில் இருந்ததைக் கழற்றி உங்கள் காதில் மாட்டினாராக்கும். மாட்டட்டும். சென்ற லீவில் தூங்குகிற நேரத்தில் என் தலையணையை உங்கள் பக்கம் நகர்த்தியதற்கு, "அவங்கவங்க பொருள் அவங்கவங்களுக்கு" என்று சுத்தம் பேசிய மனிதர் நீங்கள்தானே. எனக்குப் பொறாமையா என்று கேட்பீர்கள். ஆமாம், பொறாமைதான். வயிறு எரிகிறது. மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

நான் இங்கே மின்சார அலுவலகத்தில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, காலை முதல் மாலை வரை ஊரார் கோபத்தைக் கேட்கிறேன். "கரண்ட் எப்பம்மா வரும்? நீ தூங்குறியா அங்க?" வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய பிறகும் காதுக்குள் யாரோ கத்திக்கொண்டே இருக்கிறார்கள். இந்த லட்சணத்தில் ஐந்து பக்கத்திலிருந்தும் சத்தம் வேண்டுமாம் எனக்கு.

இருந்தாலும் வாங்கிவிட்டேன். நீங்கள் முடிவு செய்தால் அது முடிவுதானே. பழைய சாமான் கடையில் ரிசீவரைப் பேரம் பேசிக் குறைத்தேன். திரும்பிப் போவதுபோல் வாசல் வரை நடந்தால் கடைக்காரர் கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிட்டார். அந்தப் பெட்டியை மாடிப்படியில் தூக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், மேல் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் இறங்கி வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கும் ஸ்டுடியோவில் வேலையாம். படத்தில் யாராவது நடந்தால் அந்தச் செருப்புச் சத்தம், கதவைச் சாத்தினால் அந்தக் கதவுச் சத்தம், எல்லாம் அவர் கைவண்ணம். அவர் வீட்டு வாசலில் எப்போதும் ஏழெட்டு ஜோடி செருப்பு கிடப்பதைப் பார்த்து, ஓயாமல் விருந்தாளி வருகிற வீடு என்று நினைத்திருந்தேன். எல்லாம் தொழில் கருவிகளாம்.

"நான் வந்து மாட்டித் தரேங்க" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்டூல் துடைப்பவள்


மார்ச் 24

ஸ்டூல் துடைப்பவளுக்கு,

ஸ்டோர் மேடம் விஷயத்தில் நீ இப்படித் துள்ளுவதில் அர்த்தமே இல்லை. அவர் பொருளைக் கொடுப்பார், கையெழுத்து வாங்குவார், அவ்வளவுதான். ஹெட்போன் இப்போதைக்கு என்னிடம்தான் இருக்கிறது. அதனால் என்ன?

நாம் பேச வேண்டியது மேல் வீட்டு ஆளைப் பற்றி. புதிதாகக் குடிவந்தவர் என்கிறாய். யார், என்ன, வீட்டில் யார் யார், ஒன்றும் எழுதவில்லை. அவருடைய செருப்பைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததாம், அதை நான் பார்க்க வேண்டுமாம். நான் எதற்கு அந்த ஆள் முகத்தைப் பார்க்க வேண்டும்? என் முகம் கடைசியாக எப்போது மலர்ந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

மாட்டித் தருவது பெரிய வித்தையே இல்லை. சிவப்பு வயர் சிவப்பில், கறுப்பு வயர் கறுப்பில். நீயே செய்துவிடலாம். முடியாவிட்டால் நான் வரும்வரை அட்டைப்பெட்டியிலேயே கிடக்கட்டும்.

இல்லை, கிடக்க வேண்டாம். எனக்கு ஆசை தாங்கவில்லை. மாட்டிவிடு. ஆனால் ஒன்று. மாட்டி முடித்ததும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உட்காரும் இடம் வரை டேப்பால் அளந்து, அந்த அடிக்கணக்கை ரிசீவரில் போட வேண்டும். தூரத்துக்குத் தகுந்தபடி சத்தத்தை முன்னே பின்னே தள்ளி அனுப்புவது அந்தப் பெட்டியின் வேலை. அந்தக் கணக்கை அப்படியே எனக்கு எழுது. இங்கே மலைக்குள் இரண்டு பக்கமிருந்தும் தோண்டி வருகிறவர்களை ஒரே கோட்டில் சந்திக்க வைப்பதுதான் என் பிழைப்பு. என் ஹாலில் எவனோ போட்ட கணக்கை நான் சரிபார்க்காமல் விட முடியாது.

அவர் வந்தால் டீ கொடுத்து அனுப்பு. ஒரு டீ போதும்.

சர்வேயர்


ஏப்ரல் 5

அன்புள்ளவருக்கு,

மாட்டியாகிவிட்டது! அன்புள்ளவருக்கு என்று போட்டிருக்கிறேன், கவனித்தீர்களா? சந்தோஷத்தில் வந்துவிட்டது.

மூன்று மாலை வேலை. அவர் கைதட்டிக்கொண்டே ஹாலைச் சுற்றி வந்தார். நான் என்னமோ ஏதோ என்று பயந்துவிட்டேன். சுவர் எதிரொலிக்கிறதா என்று பார்க்கிறாராம். சோபாவுக்குப் பின்னால் வெறும் சுவராக இருந்ததால் படுக்கையறையின் தடித்த திரையைக் கழற்றி அங்கே மாட்டச் சொன்னார். காசு செலவில்லாமல் பாதி எதிரொலி போய்விட்டது. ஊஃபரை நீங்கள் படத்தில் காட்டிய மூலையில் வைத்தால் கும் கும் என்று வயிற்றைப் பிசைகிறது. அவர் அதைச் சுவரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிவைத்தார். கீழ் வீட்டு அம்மாவைக் கேட்டேன், "இப்ப ஒண்ணும் தெரியலம்மா, நிம்மதியா இருக்கேன்" என்றார். வயரைக் கம்பள ஓரத்தில் நான்தான் ஒளித்து ஒட்டினேன். பார்த்தால் வயர் இருப்பதே தெரியாது.

அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. பேசினாலும் தாழ்ந்த குரல். என் வேலையைச் சொன்னதும், "பாவம், உங்க காதுக்கு ரெஸ்ட்டே இல்லையே" என்றார். இதுவரை யாரும் என் காதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

நீங்கள் கேட்ட கணக்கு இதோ. முன் இடது ஆறரை அடி. முன் வலது ஒன்பது. நடு ஏழரை. பின் இடது மூன்று. பின் வலது, அதாவது ஸ்டூல், எட்டு. நானே டேப் பிடித்து அளந்தது.

முதல் படம் போட்டேன். பாதியில் எனக்குப் பின்னால் யாரோ வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நீங்கள்தான் சொல்லாமல் வந்துவிட்டீர்கள் என்று திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, படத்தில் வந்த சத்தம். எழுந்து போய்க் கதவைத் திறந்தும் பார்த்துவிட்டேன், பைத்தியம்போல.

சுரங்கம் எப்போது சந்திக்கும்?

உங்கள்
வீட்டுக்காரி


ஏப்ரல் 14

உனக்கு,

உன் கணக்கைப் பார்த்தேன். சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்தேன்.

ஹால் படத்தை அளவோடு வரைந்து, இடது ஸ்பீக்கரில் காம்பஸ் முனையை ஊன்றி ஆறரை அடிக்கு ஒரு வளைவு போட்டேன். வலது ஸ்பீக்கரிலிருந்து ஒன்பது அடிக்கு ஒன்று. இரண்டும் ஓர் இடத்தில் வெட்டுகின்றன. மற்ற மூன்றையும் போட்டேன், எல்லாம் அதே இடத்தைத்தான் காட்டுகின்றன. அது என் நாற்காலி இல்லை. என் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் எட்டடி வர வேண்டும். உன் கணக்கு காட்டுகிற இடம் ஜன்னலோரம். நான் கிளம்பும்போது ஜன்னலோரத்தில் ஒன்றுமே கிடையாது, வெறும் தரை.

அங்கே இப்போது ஒரு நாற்காலி இருக்கிறது. இல்லை என்று சொல்லாதே, ஐந்து ஸ்பீக்கர் சாட்சி சொல்கின்றன. யார் போட்டது? யார் உட்காருகிறார்கள்? நீ உட்காருகிற இடம் எது என்று எனக்குத் தெரியாதா? சமையலறை வாசல். அப்படியானால் ஜன்னலோரத்தில் காற்று வாங்கிக்கொண்டு, என் காசில் வாங்கிய ஐந்து ஸ்பீக்கரின் நடுவில் உட்கார்ந்திருப்பது யார்?

மூன்று மாலை வந்தாராம். தாழ்ந்த குரலாம். உன் காதைப் பற்றிக் கவலையாம். இதில் இன்னொன்றும் கவனித்தேன். முன் கடிதத்தில் "மேல் வீட்டுக்குக் குடிவந்தவர்" என்று எழுதியவள், இந்தக் கடிதத்தில் வெறுமனே "அவர்" என்று எழுதுகிறாய். நம் வீட்டில் "அவர்" என்றால் இதுவரை நான் ஒருவன்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெளிப்படையாகவே எழுதுகிறேன். இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. கோடு பார்க்கும் கருவியில் கண்ணை வைத்தால் ஜன்னல்தான் தெரிகிறது.

இதே லாரியில் சங்கச் செயலாளருக்கும் ஒரு கடிதம் போகிறது, சத்தம் சம்பந்தமாக.

நேரான பதில் வேண்டும். லீவுக்கு வருவதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

— சர்வேயர்


ஏப்ரல் 23

உங்கள் கடிதம் சங்கக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது.

நான் பிறகு எழுதுகிறேன். இப்போது எழுதினால் பேனா முறியும்.


ஏப்ரல் 26

லாரி வந்தது. உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்தான் வந்தது. கூட்டத்தில் ஏன் வாசித்தார்கள்? அது அவருக்கு மட்டும் எழுதியது. "அந்தரங்கம்" என்று மேலே கோடு போட்டிருந்தேனே. என்ன நடந்தது என்று எழுது.

திட்டுவதென்றாலும் திட்டி எழுது.


ஏப்ரல் 30

சர்வேயர் அவர்களுக்கு,

என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். தண்ணீர்த் தொட்டி கழுவுவது முடிந்தது, லிஃப்ட் பழுது முடிந்தது. பிறகு செயலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சத்தம் சம்பந்தமா ஒரு கடிதம் வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். அந்த மனிதருக்குக் கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் சத்தம் போட்டு வாசிக்காவிட்டால் சாப்பிட்டது செரிக்காது. நீங்கள் "அந்தரங்கம்" என்று கோடு போட்டதையும் சேர்த்தே வாசித்தார். "என் வீட்டில் நான் இல்லாத மாலை நேரங்களில் சத்தம் வருகிறதா, மேல் வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு வருகிறார், எத்தனை மணிக்குப் போகிறார் என்பதைக் கவனித்துத் தெரிவிக்கவும்." அங்கே வந்த பிறகுதான் அவருக்கே நாக்கு குழறியது. ஆனால் அதற்குள் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. அத்தனை முகமும் திரும்பி என்னைப் பார்த்தன. நான் பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் கையைப் பிடித்தவள் யார் தெரியுமா? மேல் வீட்டுக்காரரின் மனைவி. ஆமாம், மனைவி. நர்ஸ் வேலை. அந்த மூன்று மாலையும் அவளும் கூடவே வந்தாள். ஒவ்வொரு நாளும் இரவு டியூட்டிக்குக் கிளம்பும்வரை நம் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, என்னோடு டீ குடித்து, புருஷனை விரட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, கை தட்டுனது போதும், அக்கா வீட்டுச் சுவரே ஓடிரும்" என்பாள். கூட்டத்தில் அவள் எழுந்து, "நானும்தான் போனேன், என் பேரையும் எழுதிக்குங்க" என்றாள். அதோடு கூட்டம் கலைந்தது. அவள் புருஷன் தலை குனிந்தபடி மாடியேறிப் போனார். அதற்குப் பிறகு படியில் எதிர்ப்பட்டாலும் ஒதுங்கி நின்று எனக்கு வழிவிடுகிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவளைப் பற்றி நான் ஏன் எழுதவில்லை? வேண்டுமென்றேதான். ஹெட்போனுக்குப் பதிலுக்குப் பதில். உங்களுக்கும் கொஞ்சம் எரியட்டும் என்று நினைத்தேன். எரிந்தபோது எனக்கு உள்ளூரப் பிடித்தும் இருந்தது. ஸ்பீக்கரைத் தவிர என்னைப் பற்றியும் நாலு வரி வந்ததே என்று. அவ்வளவு அற்பமாக இருந்திருக்கிறேன். ஆனால் நான் அதை உங்களுக்கு மட்டும்தான் எழுதினேன். நீங்கள் ஊருக்கே எழுதிவிட்டீர்கள்.

இனி நாற்காலி. முதல் நாள் டேப்பைப் பிரித்துக்கொண்டு, "இங்க யாரு உக்காருவாங்க?" என்று அவர் உங்கள் சாய்வு நாற்காலியைக் காட்டிக் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

"சார் எப்ப வருவாரு?"

"லீவு கிடைச்சா வருவாரு."

"அப்ப மத்த நாளெல்லாம் இது யாருக்காக ஓடும்?"

"நீங்க எங்க உக்காருவீங்கக்கா?" என்று அவள் கேட்டாள். நான் சமையலறை வாசலைக் கை காட்டினேன். அங்கே என் ஸ்டூலில் உங்கள் ஸ்பீக்கர் உட்கார்ந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் நான் படம் பார்த்தேன். அடுப்பில் ஏதாவது இருக்கும், நீங்கள் தண்ணீர் கேட்பீர்கள், எழுந்து போக வசதி. எந்தப் படத்துக்கும் முழுக் கதை எனக்குத் தெரியாது. அதைக்கூட நான் குறையாகச் சொன்னதில்லை. நீங்கள் ஸ்டாண்டுக்குக் காசு மிச்சம் பிடிக்க அந்த ஸ்டூலையும் எடுத்துக்கொண்டீர்கள். நான் எங்கே உட்காருவேன் என்று உங்கள் படத்தில் எங்கேயும் இல்லை. அந்த ஒரு கேள்வி உங்களுக்குத் தோன்றவே இல்லை.

அதனால் படுக்கையறையில் துவைத்த துணி போட்டுவைக்கும் நாற்காலியைத் தூக்கிவந்து ஜன்னலோரம் போட்டேன். டேப்பின் முனையை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். ஆறரை அடி, ஒன்பது அடி.

அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்றுதானே கேட்டீர்கள்? நான்.

இப்போது எல்லாவற்றையும் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டேன். லீவுக்கு வருவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. நீங்கள் முடிவு செய்தால் அது முடிவுதானே.


மே 9

அன்புள்ளவளுக்கு,

உன் கடிதத்தை வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் போய்ப் படித்தேன். படித்துவிட்டு வெளியே வந்தபோது ஸ்டோர் மேடம், "என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது. எதையாவது சொல்லிச் சமாளிக்கத் தெரியாமல் முழுக்கச் சொல்லிவிட்டேன். அவர் சாவிக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். "இந்த ஹெட்போனை நான் எதுக்கு வாங்குனேன்னு நெனச்சீங்க? எங்க வீட்லயும் ஸ்பீக்கர் இருக்கு. எல்லாம் அவர் நாற்காலியைப் பார்த்துத்தான் இருக்கு" என்றார். பிறகு கையை நீட்டினார். ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையெழுத்தும் போட்டேன்.

என் கணக்கில் பிழை இல்லை. நாற்காலி நான் சொன்ன இடத்தில்தான் இருந்தது. அதில் யார் என்று யோசித்தபோது மேல் வீட்டு ஆள் வந்தார், ஊரில் உள்ள ஆண்பிள்ளை எல்லாரும் வந்தார்கள். உன் முகம் மட்டும் வரவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீ ஏசியதில் இதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் இது உண்மை.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீ கணக்கு எழுதிய கடிதத்தை நான் அடிக்கணக்கு வரைக்கும்தான் படித்தேன். அதை வைத்துக் கோடு போடும் அவசரத்தில் கீழே என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. நேற்று எடுத்து மறுபடி படித்தேன். பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டு, நான்தான் வந்துவிட்டேன் என்று நீ கதவைத் திறந்து பார்த்திருக்கிறாய். அப்படி எழுதியவளுக்கு நான் என்ன பதில் எழுதினேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்தச் செருப்புச் சத்தம் மேல் வீட்டுக்காரரே செய்ததாகக்கூட இருக்கலாம். அதில் பொறாமைப்பட இடம் இருக்கிறது. படமாட்டேன். கொஞ்சம் படுகிறேன், எழுதிவிட்டேன், அத்தோடு விட்டுவிடுகிறேன்.

செயலாளருக்கு இன்னொரு கடிதம் இதே பையில் வருகிறது. இதில் அந்தரங்கம் என்று போடவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கும்படி கேட்டிருக்கிறேன். நான் எழுதியது புத்தி கெட்ட பொறாமை, என் மனைவியிடமும் மேல் வீட்டுக் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அந்த மனிதர் வாசிக்காமல் இருக்கமாட்டார், அந்த நம்பிக்கை எனக்கு இருக்கிறது. வந்ததும் மேல் வீட்டுக்கு நானே படியேறிப் போவேன்.

சுரங்கம் சந்தித்துவிட்டது. இந்தப் பக்கத்து ஆளும் அந்தப் பக்கத்து ஆளும் ஓட்டை வழியாகக் கை கொடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் கத்தினார்கள், எனக்குத்தான் கத்தத் தோன்றவில்லை.

வருகிறேன். நீ வேண்டாம் என்றால் தவிர. ஒரு விண்ணப்பம். பெட்டிகளைப் பிரித்து மறுபடியும் மாட்டு. ஒரு அளவையும் மாற்றாதே. ஆறரை ஆறரையாகவே இருக்கட்டும், ஒன்பது ஒன்பதாகவே இருக்கட்டும். என் நாற்காலியை எடுத்து எங்காவது போடு. நான் சமையலறை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். உனக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போகவும் வசதி.

உன்
சர்வேயர்


மே 21

அன்புள்ளவருக்கு,

செயலாளர் வாசித்தார். "புத்தி கெட்ட" என்ற இடத்தில் சற்று நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். கீழ் வீட்டு அம்மா, "நல்ல கையெழுத்து போல, தடங்கல் இல்லாம வாசிக்கிறாரே" என்றார். சிரித்துவிட்டேன். எனக்கு முழுக்க ஆறிவிட்டது என்று இதை வைத்து எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி ஆறியிருக்கிறது. படியில் ஒதுங்கி நின்றவர் அடுத்த நாள், "சார் வரட்டுங்க, ஊஃபர் விஷயமா அவர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்டோர் மேடத்திடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. முன்பு வேறு காரணத்துக்காகப் பார்க்க நினைத்தேன்.

பெட்டிகளைப் பிரித்து மாட்டிவிட்டேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில், நீங்கள் சொன்னது சரிதான், பெரிய வித்தை இல்லை. ஒரு அளவையும் மாற்றவில்லை. நேற்று வேலை விட்டு வந்து, ஹெட்செட் சத்தம் காதைவிட்டுப் போகும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு படத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பார்த்தேன். நடுவில் எழுந்திருக்கவே இல்லை. முடிவு அப்படியொன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் எனக்கு ஒரு முடிவு தெரியும் இப்போது.

ஸ்டூல் உங்களுக்குக் கிடைக்காது. அதில் ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கிறது, அதை எழுப்ப முடியாது. உங்கள் சாய்வு நாற்காலியை என் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கிருந்து உங்களுக்கு வலது பக்கச் சத்தம் கொஞ்சம் தூக்கலாகத்தான் கேட்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் எத்தனையோ பொறுத்துக்கொண்டேன்.

எல்லா ஸ்பீக்கருக்கும் அடிக்கணக்கு உங்களிடம் இருக்கிறது. இரண்டு நாற்காலிக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று மட்டும் நான் அளக்கவில்லை. வந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

உங்கள்
ஜன்னலோரக்காரி